போட்டோவுக்குள்ளே ஒரு மூட்டை: தேவையற்ற மெட்டாடேட்டாவை நீக்கினால் தரவுத்தளம் ஏன் வேகமாகிறது?

"சர்வர் ஸ்லோவா இருக்குங்க, கொஞ்சம் பொறுங்க." சேவை மையக் கவுன்டரின் முன்னால் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் குறைவு. சர்வர் மெதுவாக இருப்பதற்குக் காரணங்கள் பல. இணைய இணைப்பு, பழைய கணினி, ஒரே நேரத்தில் நுழையும் கூட்டம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. நாம் பதிவேற்றும் ஒவ்வொரு போட்டோவும் தன்னோடு சுமந்து வரும், கண்ணுக்குத் தெரியாத தகவல் மூட்டைதான் அது.

ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு முகப்படம், வீட்டுக் கடனுக்குக் கட்டுமானப் படம், தெருவிளக்கு புகாருக்கு விளக்குக் கம்பத்தின் படம் என்று இன்று படம் கேட்காத சேவையே அரிது. துறைகளிடம் இப்படி லட்சக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. அந்தப் படங்களைப் பராமரிக்கும் தரவுத்தளத்தை எப்படி இலகுவாக வைத்திருப்பது, அதில் எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. துறை ஊழியர்கள், இ-சேவை மைய இயக்குபவர்கள், போனில் படமெடுத்து விண்ணப்பிக்கும் பொதுமக்கள் ஆகிய மூவருக்குமே இதில் வேலை இருக்கிறது.

மெட்டாடேட்டா என்றால் என்ன?

ஸ்டுடியோவில் எடுத்த பழைய போட்டோவைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். பென்சிலால் தேதி எழுதியிருக்கும். "அக்கா கல்யாணம்" என்று யாராவது குறித்து வைத்திருப்பார்கள். படம் முன்பக்கம், படத்தைப் பற்றிய தகவல் பின்பக்கம். டிஜிட்டல் படத்தில் அந்தப் பின்பக்கம்தான் மெட்டாடேட்டா. தமிழில் மீதரவு என்றும் சொல்கிறார்கள்.

இதில் மூன்று வகைகளை அடிக்கடி பார்க்கலாம். முதலாவது எக்ஸிஃப். ஜப்பானியக் கேமரா தொழில்துறையிலிருந்து 1995-இல் வந்த தர வரையறை இது. கேமராவின் பெயர், மாடல், எடுத்த தேதி, நேரம், வெளிச்ச அளவுகள், ஜிபிஎஸ் இடக்குறி எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது ஐபிடிசி. செய்தி நிறுவனங்களுக்காக உருவானது. படத்தின் தலைப்பு, எடுத்தவர், விளக்கக் குறிப்பு இதில் இருக்கும். மூன்றாவது எக்ஸ்எம்பி. அடோபி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்தது. படத்தை எந்த மென்பொருளில் திருத்தினோம், என்னென்ன மாற்றினோம் என்ற வரலாறுகூட இதில் எழுதப்படும்.

இவை போதாதென்று ஒவ்வொரு கேமரா நிறுவனமும் தனக்கென்று ஒரு பகுதி வைத்திருக்கிறது. மேக்கர்நோட் என்று பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த நிறுவனத்துக்குத்தான் முழுசாகத் தெரியும். அதோடு படத்தின் குட்டி நகல் ஒன்றும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும். வழக்கமாக 160-க்கு 120 புள்ளி அளவு. கேமராவின் சின்னத் திரையில் சீக்கிரம் காட்டுவதற்காக வைத்த ஏற்பாடு அது.

எவ்வளவு கனம்?

"அட, நாலு வரித் தகவல் என்ன பெரிய கனம்?" என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

போனில் எடுத்த 4 எம்பி படத்தில் மெட்டாடேட்டா 40 கேபி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 100-இல் 1 பங்குதான். அதை நீக்கினால் அந்த ஒரு படத்தில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் துறையின் இணையதளம் அந்தப் படத்தைப் பட்டியலில் காட்டுவதற்கு 15 கேபி அளவில் சிறுபடம் ஒன்றைத் தயாரிக்கிறது. தயாரிக்கும் மென்பொருள் பழைய மெட்டாடேட்டாவில் 30 கேபியை அப்படியே நகலெடுத்து இதிலும் ஒட்டிவிட்டால்? 15 கேபி படம் 45 கேபி ஆகிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

ஒரு பக்கத்தில் 50 சிறுபடங்கள் காட்டினால் வீணாகப் போவது 1,500 கேபி, அதாவது ஏறக்குறைய 1.5 எம்பி. நகரத்தில் இது ஒன்றுமில்லை. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் மலைக்கிராமத்து மையத்தில் இதுவே நீண்ட காத்திருப்பு. 10 லட்சம் சிறுபடங்கள் இருக்கும் சர்வரில் இதே 30 கேபி சுமார் 30 ஜிபி ஆகிறது. தினமும் எடுக்கும் பேக்கப்பிலும் அது சேரும்.

சில கோப்புகள் இன்னும் மோசம். போட்டோஷாப்பில் ஒரே டெம்பிளேட்டை வருஷக்கணக்கில் திறந்து, வேறு கோப்புகளிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி வேலை செய்தால், அந்தப் படங்களின் "முன்னோர் பட்டியல்" ஒன்று எக்ஸ்எம்பி பகுதியில் சேர்ந்துகொண்டே போகும். பார்ப்பதற்குச் சின்ன பேனர் படம், உள்ளே பல எம்பி பட்டியல். விழா அழைப்பிதழ், அடையாள அட்டை வடிவமைப்புகள் அதிகம் புழங்கும் அலுவலகங்கள் இதைக் கட்டாயம் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

தரவுத்தளத்துக்குள் என்ன நடக்கிறது?

கோப்பின் எடை பாதிக் கதைதான். பட மேலாண்மை மென்பொருள்கள் பலவும், படம் உள்ளே வந்ததும் அதன் மெட்டாடேட்டாவைப் படித்து, ஒவ்வொரு தகவலையும் தரவுத்தள அட்டவணையில் தனித்தனி வரியாக எழுதிவைக்கின்றன. "எதிர்காலத்துல தேவைப்படலாம், இருக்கட்டும்" என்ற எண்ணம்தான் காரணம்.

ஒரு படத்தில் 150 தகவல்கள் என்றால், 10 லட்சம் படங்களுக்கு 15 கோடி வரிகள். இதில் அலுவலகத்துக்குத் தேவைப்படுவது 8 தகவல்கள் மட்டும் என்றால், அவற்றை ஒரே வரியில் 8 கட்டங்களாக வைத்துவிடலாம். 15 கோடி வரிகள் 10 லட்சம் வரிகளாகும். வேகம் கிடைப்பது முக்கியமாக இங்கேதான்.

காரணம் மூன்று. முதலாவது, இண்டெக்ஸ். புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருப்பதுபோல, தரவுத்தளமும் சீக்கிரம் தேட இண்டெக்ஸ் வைத்திருக்கிறது. புதிய வரி சேரும்போதெல்லாம் இண்டெக்ஸிலும் எழுத வேண்டும். ஒரு படம் பதிவேற 150 வரியும் அவற்றின் இண்டெக்ஸும் எழுதப்பட்டால், கவுன்டரில் நிற்பவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, நினைவகம். அடிக்கடி தேவைப்படும் பக்கங்களைத் தரவுத்தளம் ரேமில் வைத்துக்கொள்ளும். ரேம் என்பது மேசை, ஹார்டு டிஸ்க் என்பது பீரோ. மேசை முழுக்க வேண்டாத காகிதம் கிடந்தால், வேண்டிய கோப்புக்கு ஒவ்வொரு தடவையும் பீரோவைத் திறக்கணும்.

மூன்றாவது, கேள்வி கேட்கும் விதம். பட்டியல் காட்டும் பக்கத்துக்கு விண்ணப்ப எண்ணும் தேதியும் போதும். ஆனால் நிரல் எழுதியவர் "எல்லாக் கட்டங்களையும் கொண்டு வா" என்று எழுதியிருந்தால், முழு மெட்டாடேட்டாவும் சேர்ந்தே வரும்.

எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

அவசரப்பட்டால் நஷ்டம் மக்களுக்கு என்பதால், இந்தக் கட்டுரையிலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா கிராமின் திட்டத்தில், வீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இடக்குறியும் தேதியும் கொண்ட படங்களால்தான் உறுதிசெய்கிறார்கள். அடுத்த தவணைப் பணம் அதைப் பொறுத்தது. நூறு நாள் வேலையில் பணித்தள வருகைப்பதிவு 2023 ஜனவரி 1 முதல் செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டபோது, நாளில் இருமுறை இடக்குறியுடன் படம் எடுக்கச் சொன்னார்கள். கூலி அதோடு பிணைந்தது. "எல்லாத்தையும் கழுவிடு" என்று ஒரு கட்டளையை ஓட்டி இடக்குறியையும் தேதியையும் அழித்துவிட்டால், வீடு கட்டியவரும் மண் சுமந்தவரும் தங்கள் பக்கத்து ஆதாரத்தை இழக்கிறார்கள். திரும்ப எடுக்க முடியாத படங்கள் அவை. கூரை போட்ட பிறகு அஸ்திவாரத்தைப் படமெடுக்க முடியுமா?

ஆகவே தகவல்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. கட்டாயம் வேண்டியவை: எடுத்த தேதி நேரம், அந்த நேரம் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு, அட்சரேகை, தீர்க்கரேகை, இடக்குறியின் துல்லியம் எத்தனை மீட்டர் என்பது, படத்தின் அகலம், உயரம், மூலக்கோப்பின் ஹாஷ் மதிப்பு. மேலே சொன்ன 8 இவைதான். விண்ணப்ப எண்ணோடு இவற்றை இணைத்து ஒரே வரியில் வைக்கலாம்.

2. சேவையைப் பொறுத்தவை: எடுத்தவர் பெயர், காப்புரிமை, படக்குறிப்பு. அருங்காட்சியகம், தொல்லியல், செய்தி மக்கள் தொடர்பு போன்ற துறைகளுக்கு இவை உயிர்நாடி. முகப்படம் மட்டும் வாங்கும் சேவைக்கு இவற்றால் பயனில்லை.

3. நீக்கக்கூடியவை: மேக்கர்நோட், உள்ளே ஒட்டிய குட்டி நகல், திருத்த வரலாறு, முன்னோர் பட்டியல், லென்ஸ் விவரம், கேமராவின் வரிசை எண்.

முகப்படத்துக்கு இடக்குறி தேவையே இல்லை என்பதையும் கவனியுங்கள். சாலைப் பள்ளத்தின் படத்தில் இடக்குறி ஆதாரம். ஒரு பெண்ணின் முகப்படத்தில் அதே இடக்குறி அவர் வீட்டு விலாசம். தேவைக்கு மேல் தனிநபர் தகவலைச் சேர்க்கக் கூடாது என்பதே 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை எண்ணங்களில் ஒன்று.

வெட்டும்போது வரும் நான்கு சிக்கல்கள்

படம் சாய்ந்துவிடும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், பல போன்கள் படத்தைப் படுக்கை வசத்திலேயே சேமித்து, "இதைத் திருப்பிக் காட்டு" என்று 1 முதல் 8 வரை ஓர் எண்ணை எக்ஸிஃப்பில் எழுதிவைக்கும். அந்த எண்ணை அழித்தால் முகம் பக்கவாட்டில் படுத்துவிடும். எனவே முதலில் படத்தை உண்மையாகவே திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் மெட்டாடேட்டாவை நீக்க வேண்டும்.

நிறம் மாறிவிடும். படத்தின் நிறங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லும் ஐசிசி புரொஃபைல் என்ற பகுதி உண்டு. ஐபோன் போன்றவை விரிந்த நிற அளவில் படமெடுக்கின்றன. அந்தக் குறிப்பை மட்டும் அழித்தால் தோல் நிறம் வெளிறித் தெரியும். பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றிவிட்டு நீக்குங்கள். இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அது பெரிய கனமும் இல்லை.

நேரம் குழம்பும். கேமரா எழுதும் நேரம் உள்ளூர் நேரம். ஜிபிஎஸ் எழுதும் நேரம் உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். காலை 10 மணிக்கு எடுத்த படத்தில் ஜிபிஎஸ் நேரம் 4.30 என்று இருக்கும். அதிகாலை 3 மணிக்கு எடுத்திருந்தால் ஜிபிஎஸ் தேதி முந்தைய நாளாகவே இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்போது, எது என்று குறிக்காமல் விட்டால், நாளைக்குத் தணிக்கையில் "படம் ஒரு நாள் முன்னாடியே எடுத்திருக்கே?" என்ற கேள்வி வரும்.

ஆதாரம் கெடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தரும்போது சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல் மெட்டாடேட்டாவை மட்டும் நீக்கினாலும் ஹாஷ் முழுசாக மாறிவிடும். விபத்து, ஆக்கிரமிப்பு, சேத மதிப்பீடு போன்ற படங்களின் மூலக்கோப்பைத் தொடவே கூடாது. அதைத் தனிக் கிடங்கில் பூட்டிவைத்து, அன்றாடம் திரையில் காட்டும் நகலில் மட்டும் வெட்டுங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் பேக்கப் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று ஒருமுறை மீட்டுப் பாருங்கள்.

அடுத்து, அளந்து பாருங்கள். 100 படங்களை எடுத்து, எந்தப் பகுதி எத்தனை கேபி என்று பட்டியலிடுங்கள். பில் ஹார்வி என்பவர் உருவாக்கிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இதற்கு உலகமெங்கும் பயன்படுகிறது. தரவுத்தளத்தில் எந்த அட்டவணை பெரியது, எந்தத் தகவலை யாருமே தேடுவதில்லை என்பதையும் பாருங்கள். "இந்தத் தகவல் உங்களுக்கு எதுக்குத் தேவை?" என்று ஒவ்வொரு பிரிவிடமும் கேட்டு எழுத்துமூலமாக வாங்குங்கள்.

பிறகு, வேண்டிய 8 தகவல்களைப் புதிய அட்டவணைக்கு எடுத்துவையுங்கள். சரிபாருங்கள். படங்களின் எண்ணிக்கையும் வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். சரியாக இருந்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும்.

நீக்குவதை ஒரே மூச்சில் செய்யாதீர்கள். 15 கோடி வரியை ஒரே கட்டளையில் அழித்தால், அட்டவணை பூட்டிக்கொண்டு மாநிலம் முழுக்க கவுன்டர்கள் நின்றுபோகலாம். அலுவலக நேரம் முடிந்த பிறகு, சில ஆயிரம் வரிகளாகப் பிரித்து நீக்குங்கள்.

நீக்கியதும் இடம் திரும்பக் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரவுத்தளங்கள் அழித்த இடத்தைக் காலியென்று குறித்துக்கொள்ளுமே தவிர, வழக்கமாக டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் வாக்யூம் ஃபுல், மைஎஸ்கியூஎல்லில் ஆப்டிமைஸ் டேபிள், எஸ்கியூலைட்டில் வாக்யூம் என்ற கட்டளைகள் அட்டவணையைப் புதிதாக அடுக்கி இடத்தை மீட்கும். அப்படி அடுக்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் வேண்டும். வாக்யூம் ஃபுல் ஓடும் நேரத்தில் அந்த அட்டவணையை வேறு யாரும் பயன்படுத்தவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை அது. எக்ஸிஃப்டூலும் திருத்திய கோப்புக்குப் பக்கத்திலேயே மூலக்கோப்பின் நகலை வைத்துவிடும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் டிஸ்க் நிரம்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வாசலிலேயே வடிகட்டி வையுங்கள். புதிய படம் பதிவேறும்போதே வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விடும்படி நிரலை மாற்றாவிட்டால், ஆறே மாதத்தில் மூட்டை மறுபடியும் சேர்ந்துவிடும்.

பொதுமக்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டியவை

2012 டிசம்பரில் கணினிப் பாதுகாப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். அவரோடு எடுத்த ஒரு படத்தை வைஸ் இதழ் வெளியிட்டது. படத்தின் எக்ஸிஃப்பில் இடக்குறி அப்படியே இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கே இப்படி நடக்கிறது என்றால், வீட்டு வாசலில் பிள்ளையைப் படமெடுத்துப் பொதுவில் போடும் நாம் இன்னும் கவனமாக இருக்கணும்.

புகார் படம் என்றால்: இடக்குறி இருக்க வேண்டும். போனின் கேமரா அமைப்பில் லொகேஷனை இயக்கிவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மெட்டாடேட்டா நீங்கிவிடும். அண்டை வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பதிவேற்றினால், எங்கே எப்போது எடுத்தது என்பது அதில் இருக்காது. மூலப்படத்தையே பதிவேற்றுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

முகப்படம், சான்றிதழ் படம் என்றால்: லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போனால், தனிநபர் தகவலை நீக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. ஐபோனில் படத்தைப் பகிரும்போது ஆப்ஷன்ஸ் என்பதைத் தொட்டு லொகேஷனை விலக்கலாம்.

"50 கேபிக்குள் படம் வேண்டும்" என்று விண்ணப்பம் கேட்டு, உங்கள் படம் 60 கேபி இருந்தால், உடனே படத்தின் தரத்தைக் குறைக்க வேண்டாம். முதலில் மெட்டாடேட்டாவை நீக்கிப் பாருங்கள். ஜேபெக் கோப்பில் அது படத்திலிருந்து தனிப் பகுதியாக இருப்பதால், நீக்கினாலும் படம் துளியும் மங்காது. பல நேரம் அதுவே போதுமானதாக இருக்கும்.

படத்தை வெட்டிச் சுருக்கிவிட்டோம், பின்னால் நின்றவர் இனித் தெரிய மாட்டார் என்று நம்பிவிடவும் வேண்டாம். சில மென்பொருள்கள் படத்தை மட்டும் வெட்டிவிட்டு உள்ளேயிருக்கும் குட்டி நகலைப் பழையபடியே விட்டுவிடும். வெட்டிய படத்தைப் பகிர்வதற்கு முன்னால் மெட்டாடேட்டாவை நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

இ-சேவை மைய இயக்குபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வந்தவரின் படத்தை எந்தச் சேவைக்காகப் பதிவேற்றுகிறீர்கள் என்று பாருங்கள். ஆதாரமாகும் படமா, அடையாளமாகும் படமா? ஆதாரப் படத்தில் எதையும் தொடாதீர்கள். அடையாளப் படத்தில் தேவையில்லாததை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் மையத்தின் கணினியில் நகல் தங்காமல் அழித்துவிடுங்கள். வரிசையில் அடுத்து நிற்பவருக்கு நேரம் மிச்சம், படத்துக்கு உரியவருக்கு நிம்மதி.